ஓசி லவுஞ்சும் ஓலை வழக்கும்

ஏண்டா பேராண்டி, நீ வாட்ஸப்புல அனுப்பின ரெண்டு கார்டு வெவரத்தையும் கண்ணாடியப் போட்டுகினு வரி வரியாப் படிச்சன். ஒண்ணு டிராவல் கார்டாம். தேய்க்கத் தேய்க்க பாயின்ட் சேருமாம், சேந்த பாயின்ட்ட மைலா மாத்திகினு ஏரோப்ளேன்ல போவலாமாம், ஏர்போர்ட்டுல லவுஞ்சுன்னு ஒரு எடத்துல சோபாவுல சாஞ்சிகினு ஓசியில இட்லி துன்னலாமாம். இன்னொண்ணு கேஷ்பேக் கார்டு. அதுல சோபா கெடையாது, இட்லி கெடையாது. செலவு பண்ணதுல நூத்துக்கு இத்தினின்னு பில்லுல கழிச்சிடுவான், அம்மாந்தான். "எது வாங்கட்டும் தாத்தா?"ன்னு ஒரு வரி கேட்டுட்டு, லவுஞ்சு படத்த மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்க. அப்பவே புரிஞ்சிபோச்சி. நீ எங்கிட்ட யோசனை கேக்கல, விபூதி கேக்கற.

பூசி வுடறன், நெத்தியக் காட்டு. அதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி. நீ எங்கடா பறக்கற?

சிறுசேரியில வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கம் வந்து விழுப்புரம் பஸ்ஸப் புடிக்கற. செங்கல்பட்டு தாண்டறதுக்குள்ள தூங்கிடற, விக்கிரவாண்டி டோல்கேட்டுல முழிக்கற, விழுப்புரத்துல எறங்கி ஊர் பஸ் மாறி வர்ற. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துல அம்மாம் பெரிய பஸ் ஸ்டாண்டத் தொறந்தாங்களே, அங்க எந்தக் கார்டக் காட்டினா சோபா தருவாங்கன்னு கேட்டுச் சொல்லு. நம்மூரு திருவெண்ணெய்நல்லூருக்குக் கிட்டக்க ஏரோப்ளேன் வேணும்னா புதுச்சேரி. 2024 டிசம்பர்ல இண்டிகோக்காரன் அங்கேருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் வுட ஆரம்பிச்சான். ரெண்டு ஊர்லயும் உனக்கு மாமியார் வூடும் கெடையாது, கோர்ட்டு கேஸும் கெடையாது. மீனம்பாக்கம் உன் ஆபீஸுக்குக் கிட்டதான், ஒத்துக்கறன். ஆனா அங்க ஏறினா திருவெண்ணெய்நல்லூர் ரோடு ஸ்டேஷன்ல எறங்க முடியாது.

உங்க பாட்டிக்கு அரசாங்கமே டிராவல் கார்டு குடுத்திருக்கு, தெரியுமா? 2021 மே மாசத்துலயே குடுத்துட்டாங்க. டவுன் பஸ்ல ஏறினா டிக்கெட்டுக்குக் காசு கெடையாது. வருஷக் கட்டணம் கெடையாது, பாயின்ட் காலாவதி ஆவறது கெடையாது, போன மூணு மாசத்துல இத்தினி செலவு பண்ணியான்னு யாரும் கேக்கறதும் கெடையாது. சந்தைக்கும் போறா, மவ வூட்டுக்கும் போறா, என் மேல கோவம் வந்தா ஏறி ஒக்காந்துகினு அந்தக் கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றா. உன் பேங்குக்காரன் இந்த மாதிரி ஒண்ணு தர்றானான்னு கேளு.

லவுஞ்சுக்கும் இப்ப கெடுபிடி வந்துடுச்சிடா. ஹெச்டிஎஃப்சி ரெகாலியா கார்டுல 2023 டிசம்பர்லேருந்து ஒரு காலாண்டுக்கு ஒரு லட்சம் தேய்ச்சாத்தான் லவுஞ்சுன்னு வெச்சாங்க. ஒரு லட்சத்துக்கு செலவு பண்ணிட்டு உள்ள போயி ரெண்டு இட்லி, ஒரு கரண்டி உப்புமா. அத ஓசின்னு சொல்ற உன் வாய்க்கு சக்கரதான் போடணும்.

சரி, கேலிய வுட்டுட்டு கணக்குக்கு வருவம். நான் எட்டாங்கிளாஸ்தான். ஆனா காலமெல்லாம் கரும்பு வெட்டி ஏத்தினவனுக்கு நூத்துக்கு எத்தினின்னு போடத் தெரியாம இருக்குமா? ரூம் வாடகை, ஊருக்கு அனுப்பறது, ஏலச்சீட்டு எல்லாம் போவ, நீ கார்டுல தேய்க்கக்கூடியது மாசம் 25,000 வெச்சிக்குவம். வருஷத்துக்கு 3 லட்சம். மாசா மாசம் அதுல 15,000 ஆன்லைன். உன் சட்டை, உன் செருப்பு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வர்ற பிரியாணி. மீதி 10,000 கடையில.

எஸ்பிஐ கார்டுக்காரங்க 2022 செப்டம்பர்ல கேஷ்பேக்குன்னே பேர் வெச்சி ஒரு கார்டு வுட்டாங்க. ஆன்லைன் செலவுக்கு நூத்துக்கு அஞ்சு, கடைச் செலவுக்கு நூத்துக்கு ஒண்ணுன்னு வந்துது. அந்தக் கணக்குல போட்டா உனக்கு 750ம் 100ம், ஆவ மாசம் 850. வருஷத்துக்கு 10,200. கட்டணம் 999ம் ஜிஎஸ்டியும். வருஷத்துல 2 லட்சம் தேய்ச்சா அதுவும் வேணாம்னுட்டான். ஆக 10,200ம் நேரா உன் பில்லுல கழிஞ்சிடும்.

இப்ப நீ அனுப்பின டிராவல் கார்ட எடு. வருஷக் கட்டணம் 5,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி 900. சாதாரணச் செலவுக்கு நூறு ரூபாய்க்கு 2 மைல். 3 லட்சத்துக்கு 6,000 மைல். அவன் பொஸ்தகத்துலயே டிக்கெட்டு போட்டா ஒரு மைல் ஒரு ரூபா. வரவு 6,000, செலவு 5,900. வருஷம் பூரா தேய்ச்சி நீ சம்பாதிச்சது நூறு ரூபா. அத எடுத்துகினு விழுப்புரத்துல எறங்கி டிபன் சாப்புட்டுட்டு, லவுஞ்சுன்னு நெனச்சிக்க. மொத வருஷம் சேரும்போது கொஞ்சம் மைல் சும்மா குடுப்பான். அது புது மாப்ள விருந்துடா, மறு வருஷம் ரேஷன் அரிசிதான்.

டிராவல் கார்டே ஏமாத்துன்னு நான் சொல்ல வரல. மாசத்துக்கு நாலு வாட்டி தில்லி, பம்பாய்னு ஆபீஸ் வேலையாப் பறக்கறவன் இருக்கான். டிக்கெட்டையும் ஓட்டல் ரூமையும் தன் கார்டுல தேய்ச்சிட்டு ஆபீஸ்ல பில்லு போட்டுப் பணத்த வாங்கிக்கறான். கம்பெனி செலவு, இவனுக்கு மைல். டிக்கெட்டுச் செலவுக்கு நூத்துக்கு அஞ்சு மைல்னு தர்ற கார்டும் இருக்கு. அந்த மைல நல்ல ஏர்லைன்ஸுக்கு மாத்தி, மாசக்கணக்கா முன்னாலயே சீட்டுப் பாத்து வெச்சி, லண்டனுக்கு பிசினஸ் கிளாஸ்ல கால நீட்டிப் படுத்துகினு போறான். காசு குடுத்து வாங்கினா லட்சக்கணக்குல ஆவற சீட்டு. அவன் கெட்டிக்காரன், கும்புடு போடறன். அவனும் மைல்ல எடுத்த டிக்கெட்டுக்கு வரியயும் சார்ஜயும் கையிலேருந்துதான் கட்டணும். பொங்கலுக்கு மொத நாள் மைல்ல சீட்டு கேட்டா அவனுக்கும் கைய விரிப்பாங்க. ஆனா நீ அவனா? உன் கம்பெனி இதுவரைக்கும் உன்ன அனுப்பின வெளியூரு பெருங்குடி.

இப்ப ஓலைக்கு வருவம். நம்மூர்ல பொறந்துட்டு பத்திரத்தப் படிக்காம கையெழுத்துப் போடலாமாடா?

சுந்தரர் கதைய சின்னப் புள்ளையில உனக்குச் சொல்லியிருக்கன். அப்ப சாமி கதையாச் சொன்னன், இப்ப பத்திர ஆபீஸ் கதையாக் கேளு. திருநாவலூர்ல பொறந்தவரு, புத்தூர்ல கல்யாணம். தாலி கட்டப்போற நேரத்துல ஒரு கெழவன் கோல ஊணிகினு பந்தலுக்குள்ள பூந்து, "இந்தப் பையன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் குடுத்த ஓலை இருக்கு"ன்னான். மாப்ள சிரிச்சாரு. "நீ இன்னா பித்தனா?"ன்னாரு. ஓலையப் புடுங்கிக் கிழிச்சியும் போட்டாரு. கெழவன் அசரல. கிழிஞ்சது நகல்தான், மூலம் வெண்ணெய்நல்லூர்ல இருக்கு, வந்து பாருன்னான். நம்மூரு சபையில வழக்கு வந்துது. மூல ஓலையப் படிச்சாங்க. சபைக் காப்புல இருந்த தாத்தாவோட வேற கையெழுத்த எடுத்தாந்து ஒத்துப் பாத்தாங்க. ஒண்ணா இருந்துது. தீர்ப்பு கெழவன் பக்கம். அப்புறம்தான் அந்தக் கெழவன் அருட்டுறைக் கோயிலுக்குள்ள நொழஞ்சி மறைய, வந்தது யாருன்னு தெரிஞ்சிது. பித்தன்னு வைஞ்ச வாயாலயே, பித்தான்னு எடுத்து சுந்தரர் மொதப் பதிகம் பாடினாரு. சேக்கிழார் பெரியபுராணத்துல தடுத்தாட்கொண்ட புராணம்னு அத எழுதி வெச்சிருக்காரு.

மத்தவங்க எல்லாம் அந்தக் கதையில பக்தியப் பாப்பாங்க. எங்கண்ணு பத்திரத்து மேலதான் போவும். சாமியா இருந்தும் ஆதாரம் இல்லாம வந்தாரா பாரு. நகல் ஒண்ணு, மூலம் ஒண்ணு, கையெழுத்து ஒத்துப் பாக்க இன்னொண்ணு. அன்னிக்கு தாத்தா போட்ட கையெழுத்துக்குப் பேரன் மாட்டினான். இன்னிக்கு பேரன் ஓடிபி போடறான், கடன்காரன் தாத்தாவுக்குப் போன் போடறான்.

நீ அனுப்பின கார்டுக்கு விளம்பரம் ஒரே பக்கம், கடலு, மலை, ஒரு பொண்ணு தொப்பி போட்டுகினு நிக்குது. நிபந்தனை பக்கம் பக்கமாப் போவுது. அந்தப் பொடி எழுத்துக்குள்ள ஒரு வரி இருக்கும், தேடிப் பாரு. பாயின்ட் திட்டத்த மாத்தவோ நிறுத்தவோ பேங்குக்கு உரிமை உண்டுன்னு. கட்டணத்த ஏத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்கூட்டிச் சொல்லணும்னு ரிசர்வ் பேங்கு வெச்சிருக்கு. சொல்லுவாங்க. மெயில் வரும். நீ படிக்காம அழிச்சிருப்ப. தொப்பி போட்ட பொண்ணு நகலுடா. அந்தப் பொடி வரிதான் மூல ஓலை.

சும்மா பயமுறுத்தல. ஆக்சிஸ் பேங்கு மேக்னஸ்னு ஒரு கார்டு வெச்சிருந்துது. வருஷக் கட்டணம் 10,000. மாசம் ஒரு லட்சம் தேய்ச்சா 25,000 பாயின்ட் கூடுதலா வரும், அஞ்சு பாயின்ட்ட ஏர்லைன்ஸுக்கு மாத்தினா நாலு மைல். வெவரம் தெரிஞ்சவன்னு பேர் வாங்கின பசங்க எல்லாம் அதுக்கு ஓடினாங்க. 2023 செப்டம்பர் 1லேருந்து அந்த 25,000 நின்னுபோச்சி. அஞ்சுக்கு நாலுன்னு இருந்தது அஞ்சுக்கு ரெண்டுன்னு ஆச்சி. கட்டணம் 12,500. முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க, சட்டப்படி ஒரு குத்தமும் கெடையாது. ஆனா அதுக்குள்ள மாத்திக்காம அடுத்த வருஷம் லண்டன் போவம்னு சேத்து வெச்சிருந்தவன் பாதி லண்டன்தான் போவ முடியும்.

விகிதத்தக் கொறைக்கறது நம்மூருக்கு ஒண்ணும் புதுசு கெடையாது. நம்மூரு சடையப்ப வள்ளல் கம்பருக்குச் சோறு போட்டு வளத்தாரு இல்ல? அதுக்குக் கைமாறா ராமாயணத்துல நூறு பாட்டுக்கு ஒரு தரம் அவர் பேரச் சொல்ல நெனச்சாராம் கம்பர். அரங்கேத்தத்துல இருந்தவங்க அது அதிகம்னாங்களாம், ஆயிரத்துக்கு ஒண்ணாக் கொறைச்சாராம். செவிவழிக் கதைதான். நூத்துல ஒருத்தன்னு நெனச்ச சடையப்பரு அதனால ஆயிரத்துல ஒருத்தரு ஆயிட்டாரு, அவருக்கு லாபம். உனக்கு நூத்துக்கு ஒண்ணு ஆயிரத்துக்கு ஒண்ணு ஆச்சின்னா எந்தக் கம்பன் வந்து பாடப் போறான்?

பாயின்ட்ட ஏர்லைன்ஸுக்கு மாத்தற தொல்லையும் சுந்தரர் பட்டதுதான். திருமுதுகுன்றத்துல, அதான் நம்ம விருத்தாசலம், சாமி அவருக்குப் பன்னெண்டாயிரம் பொன் குடுத்தாரு. அம்மாம் பொன்னத் திருவாரூர் வரைக்கும் சொமக்கறது எப்பிடி? மணிமுத்தாத்துல போட்டுட்டுப் போ, திருவாரூர்க் கொளத்துல எடுத்துக்கன்னு சாமி உத்தரவு. உலகத்துல மொத மொத டிரான்ஸ்பர் அதான். ஆனா சுந்தரர் ஒரு தரம் ஓலையில அடிபட்டவரு பாரு, ஆத்துல போடறதுக்கு முன்னால பொன்னுல ஒரு மச்சம் வெட்டிக் கையில வெச்சிகினாரு. கமலாலயத்துல எறங்கித் தேடி எடுத்து ஒரசிப் பாத்தா, மாத்து கொறையுது! திரும்பப் பாடினாரு, மாத்து சரியாச்சி. ஒரசிப் பாத்த பிள்ளையாரு மாற்றுரைத்த விநாயகர்னு இன்னிக்கும் அங்க ஒக்காந்திருக்காரு.

நீ பேங்குலேருந்து ஏர்லைன்ஸுக்கு பாயின்ட் மாத்தி மாத்து கொறைஞ்சா யாருகிட்டடா பாடுவ? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா பாட்டு அவன்தான் போடுவான், நீ காதுல வெச்சிகினு கேக்கணும். அப்பிடிப் போன மைல் திரும்பி பேங்குக்கும் வராது.

கொளமே இல்லாமப் போனதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012ல தரையிறங்கினது திரும்ப ஏறவே இல்ல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 ராத்திரியோட நின்னுது. அதுல மைல் சேத்தவனுக்கு மைல் இருந்துது, ஜெட்டுதான் இல்ல. அப்புறம் அதுக்கு இன்டர்மைல்ஸ்னு வேற பேரு வெச்சாங்க. விஸ்தாரா 2024 நவம்பர் 12ல ஏர் இந்தியாவுல கலந்துது. நல்ல வேளை, அதுல இருந்த பாயின்ட்ட இங்க ஏத்திக் குடுத்தாங்க.

"அப்ப கேஷ்பேக் யோக்கியமா தாத்தா?"ன்னு கேப்ப. அதுவும் உங்க மாமன் மாதிரிதான், கண்ணு வெச்சிகினே இருக்கணும். நான் சொன்ன எஸ்பிஐ கார்டுலயே மாசத்துக்கு 10,000 வரைக்கும் கழிப்பன்னு இருந்தத 2023 மே மாசத்துல 5,000 ஆக்கினாங்க. நீ வாங்கற அன்னிக்கு எத்தினின்னு பாத்துட்டு வாங்கு. ஆனா இதுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அதத்தான் நான் இத்தினி நேரமாச் சொல்ல வர்றன். கேஷ்பேக்குல கை வெச்சா இனிமே வர்றது கொறையும். போன மாசம் பில்லுல கழிச்சத வந்து திருப்பிக் குடுன்னு கேக்க மாட்டான். பாயின்ட்டுல கை வெச்சா, மூணு வருஷமா நீ பிரியாணி துன்னு துன்னு சேத்து வெச்சதும் சேந்து கொறையும். சேத்து வெக்கறது உன் கை, வெலை போடறது அவன் கை. மல்லாட்டைய மூட்டை கட்டி வித்தவனுக்கு இது புரியும், உனக்கு ஏசி ரூம்ல புரியாது.

விலக்குப் பட்டியலையும் பாத்துடு. வாடகை, பெட்ரோலு, இன்சூரன்ஸு, கரண்டு பில்லு, நகை, வாலெட்டுல ஏத்தறது. கார்டுக்குக் கார்டு மாறும், ஆனா நீ எத நெனச்சி கார்டு வாங்கறியோ அது பட்டியல்ல மொதல்ல நிக்கும். டீக்கடையில க்யூஆர் ஒட்டியிருக்கான், ஸ்கேன் பண்ணா கேஷ்பேக் வருமான்னு கேக்காத. யுபிஐல ஓடறது ரூபே கிரெடிட் கார்டு மட்டும்தான், 2022லதான் அதுக்கு வழி வுட்டாங்க. விசா, மாஸ்டர்கார்டு எல்லாம் அந்த வழியில போவாது. உன் தங்கச்சிக்குத் தோடு எடுக்கப் போனமே, நகைக்கடைக்காரன் இன்னா சொன்னான்? "கார்டு தேய்ச்சா ரெண்டு பர்சென்ட் சேத்து வரும் சார்"னான். நூத்துக்கு ஒண்ணு வாங்கறதுக்கு நூத்துக்கு ரெண்டு குடுக்கற கணக்க நீ எந்தக் காலேஜுல படிச்ச? நீ மட்டும் சார்னு கூப்புட்டதுல மயங்கி கார்ட நீட்டின. நான்தான் கையப் புடிச்சன்.

இத்தினியும் பேங்குக்காரன் எங்கேருந்து குடுக்கறான்னு ஒரு நாளாவது யோசிச்சியா? கடைக்காரன்கிட்ட நூத்துக்கு ரெண்டு ரூபா கிட்டக்க புடிக்கறான், அதுல ஒரு பங்கு உனக்கு. அது கொஞ்சந்தான். மீதி, கெடு தாண்டிக் கட்டறவன் தலையில. ஒழுங்காக் கட்டறவனுக்கு இட்லி, ஒழுங்காக் கட்டாதவன் அடுப்புலேருந்து வருது. நீ எந்தப் பக்கம் ஒக்காரப் போற?

நம்ம தெருவுல மூணு வட்டிக்கு வாங்கினவன உங்க கொள்ளுத்தாத்தா திண்ணையில ஏத்த மாட்டாரு. மாசத்துக்கு நூத்துக்கு மூணு ரூபான்னா குடி முழுவும்னு சொல்லுவாரு. உன் கார்டு மூணே முக்கா வட்டிடா. பொடி எழுத்துல 3.75ன்னு போட்டு, பக்கத்துல வருஷத்துக்கு 45 சதவீதம்னும் போட்டிருக்கான். அவன் மறைக்கல, நீதான் லவுஞ்சப் பாத்துகினு இருந்த. 40,000 பில்லு வந்து மினிமம் டியூன்னு 2,000 மட்டும் கட்டினன்னு வெச்சிக்க. மீதி 38,000க்கு ஒரு மாச வட்டி 1,425. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆவ 1,681 ரூபாயும் சில்லறையும். கொறைஞ்ச கணக்கு இது, தேய்ச்ச நாள்லேருந்தே வட்டி ஓடும். ரெண்டு மாசம் நீ சேத்த கேஷ்பேக்கு ஒரே மாசத்துல பூட்டுது. அந்த மாசம் புதுசாத் தேய்க்கறதுக்கும் வட்டியில்லாத நாளு கெடையாது.

தமிழ்நாட்டுல 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துது. பேங்குக்காரன் மேல அதக் காட்ட முடியாது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல கிரெடிட் கார்டுக்கு வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல வட்டி கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சி. 2024 டிசம்பர் 20ந் தேதி உச்ச நீதிமன்றம் அத ரத்து பண்ணிட்டுது. இதயும் கேளு. கரும்பு போட்டவனுக்கு ஆலை 14 நாளுக்குள்ள பணம் தரணும், தவறினா வருஷத்துக்கு 15 சதவீத வட்டின்னு 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. விவசாயிக்கு வர வேண்டியது தவறினா 15, பேங்குக்கு வர வேண்டியது தவறினா 45. ரெண்டும் இந்தியாதான்.

அதனால கார்டு வந்த அன்னிக்கே ஆட்டோ டெபிட்டு போட்டுடு. அதுல ரெண்டு கட்டம் இருக்கும், மினிமம் டியூன்னு ஒண்ணு, டோட்டல் டியூன்னு ஒண்ணு. டோட்டல்ல டிக் பண்ணு. மொதக் கட்டத்துல டிக் பண்றதா இருந்தா கேஷ்பேக், டிராவல், ரெண்டு கார்டும் உனக்கு வேணாம், நம்ம சொசைட்டியில நகைய வெச்சி கடன் வாங்கு, மலிவு. ஏடிஎம்ல கிரெடிட் கார்டச் சொருவிப் பணம் எடுத்தன்னு மட்டும் கேள்விப்பட்டன், ஊருக்கு வராத. எடுத்த நிமிஷத்துலேருந்து வட்டி, அதுக்கு மேல கட்டணம்.

மாலுல, பெட்ரோல் பங்குல டை கட்டின பசங்க நின்னுகினு "லைஃப்டைம் ஃப்ரீ சார்"னு கூப்புடுவாங்க. பாவம், அவங்களுக்கும் டார்கெட்டு. தண்ணி வாங்கிக் குடு, ஆதார் நம்பர் குடுக்காத. ஏற்கெனவே எடுத்தியே ஒரு கார்டு, அத கத்திரிக்கோலால ரெண்டா வெட்டி குப்பையில போட்டுட்டன்னு உங்கம்மாகிட்ட பெருமையாச் சொன்னியாமே? நீ வெட்டினது நகலுடா! மூலம் பேங்குல பத்திரமா இருக்கு, வருஷக் கட்டணம் தேதி தவறாம ஏறிகினு இருக்கும். பாக்கிய அடைச்சிட்டு, கணக்க மூடுன்னு எழுத்துல கேளு. கேட்டா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், மூடலன்னா நாளுக்கு 500 ரூபா உனக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்கு 2022ல உத்தரவு போட்டிருக்கு. பேங்கு உனக்கு தண்டம் கட்டற எடம் அது, அத வுட்டுட்டு கத்திரிக்கோலத் தூக்கற.

ஆக கேஷ்பேக்கே வாங்கு. அடுத்த வருஷம் கம்பெனி உன்ன நெசமாவே அமெரிக்காவுக்கு அனுப்பிச்சின்னா, மாசா மாசம் பறந்தன்னா, அப்ப வா, டிராவல் கார்ட எடுத்துப் பேசுவம். ஒரு தரம் போறதுக்காக எடுக்காத. வெளிநாட்டுல தேய்க்கும்போது மார்க்கப்புன்னு நூத்துக்கு மூணரை வரைக்கும் புடிக்கற கார்டும் இருக்கு, டிராவல்னு பேரு வெச்சதெல்லாம் அதுக்கு விலக்கு கெடையாது.

இன்னொண்ணு. போன ஆடியில பைக்கு இன்சூரன்ஸுக்குன்னு எங்கிட்ட 3,000 வாங்கின. சம்பளம் வந்ததும் தர்றன்னு சொன்ன. கெடு தாண்டி மூணு நாளுக்கு மேல ஆனாத்தான் தாமதக் கட்டணம் போடணும்னு ரிசர்வ் பேங்கு பேங்குக்குச் சொல்லியிருக்கு, தாத்தாவுக்கு ஒண்ணும் சொல்லல. மூணே முக்கா வட்டி போட மாட்டன், பயப்படாத. மைலாத் தர்றன்னு மட்டும் சொல்லாத. இந்த வெள்ளிக்கிழமை வரும்போது நோட்டா எடுத்தா. உங்க பாட்டிக்குத் தெரிய வேணாம்.